நாட்டிலிருந்து வந்த பாட்டுக்காரர்

எங்கடை அப்பாட்மென்ற் சுவர் மட்டைச் சுவர். பக்கத்து வீட்டிலை ஆர் தும்மினாலும் நான்தான் "நூறு" எண்டு சொல்லவேணும். ரொறன்ரோவிலை வெக்ஸ்போர்டுக்குக் குடிவந்த முதல் கிழமையே அந்தச் சுவருக்குள்ளாலை ஒரு அழுகைச் சத்தம் வந்தது. மனிசர் அழுகிற சத்தம் இல்லை, கம்பி அழுகிற சத்தம். இழுத்து இழுத்து மேலை போய், அங்கையிருந்து வழுகி வழுகிக் கீழை வருகுது. நான் வேலையாலை வந்து காலை நீட்டிப் படுத்த நேரம். வந்த விசருக்கு அகப்பைக் காம்பாலை சுவரிலை நாலு போடு போட்டன். சத்தம் நிண்டுட்டுது. கொஞ்சத்தாலை கதவிலை ஆரோ தட்டிச்சினம். திறந்தால், தலையிலை பெரிய தொப்பி வைச்ச ஒரு வெள்ளைக்கார மனிசி, கையிலை அப்பிள் கேக்கோடை நிக்கிறா.

"நாங்கள் தாளம் பிழைக்க விட்டிட்டமோ?" எண்டு கேட்டா.

நான் தாளம் போட்டுக் காட்டினதெண்டு நினைச்சிட்டா. நானும் இல்லையெண்டு சொல்லேல்லை. அப்பிடித்தான் எனக்குக் கன்ட்ரி பாட்டுக்காரர் பழக்கமானவை.

அவவும் அவவின்ரை தம்பியாரும். ரெண்டு பேரும் எண்பதை எட்டிப் பிடிச்ச ஆக்கள். கனடாவின்ரை கிழக்குக் கரையிலை ஒரு மீன்பிடி ஊரிலை பிறந்து, இளந்தாரியா ரொறன்ரோவுக்கு வந்து, பார்க்டேலிலை ஒரு குடிக்கிற கடையின்ரை மூலையிலை பாடத் தொடங்கினவை. அவ பாட்டு. தம்பியார் மடியிலை ஒரு கிற்றாரைப் பிள்ளையைக் கிடத்தின மாதிரிக் கிடத்தி வைச்சு, ஒரு இரும்புத் துண்டாலை கம்பியைத் தேய்ப்பார். அதுதான் நான் கேட்ட அழுகை.

கன்ட்ரி எண்டால் என்னெண்டு தெரியாத ஆக்களுக்கு நான் சுருக்கமாச் சொல்லுவன்: ரெயில் போகும், காதலி போவாள், நாய் செத்துப்போகும், பாடுறவன் மட்டும் நிப்பான். பகிடிக்குத்தான் சொல்லுறன். சும்மா சொல்லக்கூடாது, ஒரு வருசம் சுவருக்கு அங்காலை கேட்டால் ஆருக்கும் பிடிச்சிடும். எனக்குப் பிடிச்சிட்டுது. சனிக்கிழமை காலமை அங்காலை சத்தம் வராட்டில் எனக்கு இங்காலை வெங்காயம் வெட்ட மனம் வராது.

நான் வேலை செய்யிறது சந்தியிலை இருக்கிற ரேக்-அவுட் கடையிலை. வெள்ளிக்கிழமையளிலை ரெண்டு பேரும் வருவினம். அவவுக்கு மரக்கறி றோல்ஸ், தம்பியாருக்கு இடியப்பமும் சொதியும். சொதிக்கு அவர் வைச்ச பேர் மஞ்சள் சூப். பின்பக்கத்து மேசையிலை இருந்து பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு மனிசி கதை சொல்லத் தொடங்கினால் எனக்குக் கல்லாவிலை கை ஓடாது. அவ இங்கிலீசிலைதான் சொல்லுவா. நான் என்ரை தமிழிலை தாறன்.

ஒரு காலத்திலை சனிக்கிழமை பின்னேரம் ரீவியிலை வந்தவையாம். பனிக்குள்ளை கார் ஓட்டிக்கொண்டு போய், சுரங்க வேலை நடக்கிற ஊர், மரம் வெட்டுற ஊர், ஒரு சேர்ச்சும் ஒரு பெற்றோல் செட்டும் மட்டும் உள்ள ஊரெண்டு எல்லா இடமும் பாடினவையாம். பழைய படைவீரரின்ரை ஹோலுகளிலை கூட்டம் கதவுக்கு வெளியிலை நிக்குமாம். ஒருக்கா ஒரு ஊரிலை கரண்ட் நிண்டு போச்சுது. சனம் எழும்பிப் போகாமல் தங்கடை கார்களைக் கொண்டுவந்து யன்னல் பக்கம் நிப்பாட்டி, லைற்றைப் போட்டு, அந்த வெளிச்சத்திலை பாட்டைக் கேட்டுதாம். இதைச் சொல்லேக்கை மனிசியின்ரை முகத்தைப் பாக்கவேணும், பதினெட்டு வயசுக்காரி மாதிரி.

எங்கடை ஆக்களின்ரை பழக்கம் எனக்கும் இருக்குத்தானே. கேட்டிட்டன்.

"ஏன் நீங்கள் கலியாணம் கட்டேல்லை?"

"ஒவ்வொரு ஊரிலையும் ஒருத்தன் கேட்டவன்," எண்டா. "விடிய நான் அடுத்த ஊரிலை நிப்பன்."

தம்பியார் சொதியைக் குடிச்சுக்கொண்டு, "நல்ல காலம் அவங்களுக்கு," எண்டார்.

போன வசந்தத்திலை ஒரு வெள்ளிக்கிழமை அவ தனிய வந்தா. தொப்பி இல்லை. தொப்பி இல்லாமல் நான் அவவைக் கண்டதே இல்லை, மயிர் அவ்வளவு மெல்லிசு எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சது. றோல்ஸ் கேக்கேல்லை. கழுத்திலை கையை வைச்சுக் காட்டினா. உள்ளுக்கை கட்டி ஒண்டு. ரெண்டு கிழமையிலை ஒப்பறேஷன். கதைக்கிற குரல் திரும்பி வரும் எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார். பாடுற குரலைப் பற்றிக் கேட்டால், அதுக்குத் தான் வாக்குத் தரமாட்டன் எண்டிட்டார்.

கையைப் பிடிச்சன்.

"அழுகிறதுக்கு நான் வரேல்லை," எண்டா. "எனக்கு ஒண்டுதான் வேணும். குரல் இருக்கேக்கை, நிரம்பின ஹோல் ஒண்டிலை நிண்டு ஒருக்காப் பாடவேணும்."

போன முறை பழைய படைவீரர் ஹோலிலை பாடேக்கை வந்திருந்த ஆக்களை ஒரு வானுக்குள்ளை ஏத்தலாமாம். முன்வரிசையிலை ஒரேயொரு மனிசன், அவரும் நித்திரை. அவையின்ரை பாட்டைக் கேட்ட சனம் வயசாகிச் செத்துக்கொண்டு வருகுது. இப்ப எல்லாம் செத்தவீட்டுக்குத்தான் பாடக் கூப்பிடுகினம். "பெட்டிக்குள்ளை கிடக்கிறவைக்குப் பாடிப் பாடி அலுத்துப்போச்சுது," எண்டா. "நாங்கள் ரெண்டு பேரும் போக, இந்தப் பாட்டுகளை அறிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இருக்கமாட்டினம். அது தம்பிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறான்."

என்ரை வாய் இருக்கே, அது மூளையைக் கேட்டு நடக்கிறேல்லை.

"ஹோலை நான் நிரப்பித் தாறன்," எண்டன்.

வீட்டை போய்ச் சொல்ல என்ரை மனிசன் சாப்பாட்டை நிப்பாட்டிப்போட்டுப் பாத்தார். "உனக்கென்ன விசரே? எங்கடை சனம் கவ்போய் பாட்டுக் கேக்க வருமே?" எண்டார். வரும் எண்டன். வராட்டில் கழுத்திலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வருவன் எண்டன். ஆழம் தெரியாமல் காலை விட்டிட்டன் எண்டது எனக்கே தெரியும். அதை அவருக்குக் காட்டேலுமே.

எங்கடை பகுதியிலை தமிழ் முதியோர் சங்கம் ஒண்டு இருக்கு. மாசத்திலை ஒரு ஞாயிறு பின்னேரம் சமூக ஹோலிலை கூடுவினம். அதின்ரை செயலாளர் அண்ணையைப் பற்றிச் சொல்லவேணும். தங்கமான மனிசன், ஆனால் தமிழ் விசர். பஸ் எண்டு சொன்னால் பேருந்து எண்டு திருத்துவார். எங்கடை கடைப் பலகையிலை "றோல்ஸ்" எண்டதை அழிப்பிச்சு "உருளை" எண்டு எழுதுவிச்சவர். சனம் உருளைக்கிழங்கு எண்டு நினைச்சுப் பேசாமல் போக, முதலாளி ஒரே நாளிலை பழையபடி மாத்திப்போட்டார். அந்த அண்ணைக்குத்தான் போன் எடுத்தன்.

"அண்ணை, வாற ஞாயிறு ரெண்டு பாட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாறன். பெரிய ஆக்கள். பிறந்த நாளிலை இருந்து பாடுகினம். கன்ட்ரி பாடகர்கள்."

"கன்ட்ரி கிண்ட்ரி எண்டெல்லாம் நான் எழுதமாட்டன் தங்கச்சி. அதுக்குத் தமிழிலை சொல் இருக்கு."

"நீங்கள் என்னத்தையும் எழுதுங்கோ அண்ணை. சனம் வந்தால் காணும்."

அவர் எழுதினார். சங்கத்து போன் குறூப்பிலை போட்டார். "மூத்த நாட்டுப் பாடகர்கள் இருவர் நேரில் பாடுகிறார்கள். அனைவரும் வருக." நான் அந்தக் குறூப்பிலை இல்லை. விடிய விடியப் பூப்படமும் காலை வணக்கமும் போட்டுத் தொல்லை தாங்கேலாமல் விட்டிட்டு வந்தனான். அதாலை அங்கை என்ன நடந்ததெண்டு எனக்கு அப்ப தெரியாது.

நடந்தது இதுதான். இங்கை எங்கடை ஆக்களுக்கு நாடு எண்டால் ஒரேயொரு நாடு, விட்டிட்டு வந்த நாடு. "நாட்டுக்குப் போட்டு வந்தனான்," "நாட்டிலை மழையாம்," "நாட்டிலை இருந்து கருவாடு வந்திருக்கு." அப்ப கனடா நாடில்லையோ எண்டு கேட்டால், அது கனடா எண்டு சொல்லுவினம். நாட்டுப் பாடகர் எண்டதை முதல் வாசிச்ச ஒரு புண்ணியவான், இதென்ன அரைகுறையாக் கிடக்கெண்டு, "நாட்டிலிருந்து மூத்த பாடகர்கள்" எண்டு திருத்தி மற்றக் குறூப்புக்கு அனுப்பியிருக்கிறார். அதை வாங்கின ஆள் "நாட்டிலிருந்து நேரடியாக வருகை தந்திருக்கும்" எண்டு இன்னும் வடிவாக்கியிருக்கிறார். கோயில் குறூப், ஊர்ச்சங்கக் குறூப், பழைய மாணவர் குறூப் எண்டு அது ஊர் முழுக்கச் சுத்தியிருக்கு.

நானோ கடையிலை நிண்டு வாறவை போறவை எல்லாருக்கும் சொல்லுறன், "ஞாயிறு பாட்டுக் கச்சேரி, கட்டாயம் வரவேணும்." எல்லாரும், "ஓம் ஓம், கேள்விப்பட்டனாங்கள், வராமல் விடுவமே," எண்டுகினம். எனக்குப் புழுகம் தாங்கேலாது. என்ரை வாய்க்கு இவ்வளவு வலுவோ எண்டு நானே அதிசயப்பட்டன். மனிசனுக்கும் சொன்னன், "பாருங்கோ, பாத்துக்கொண்டிருங்கோ."

ஞாயிற்றுக்கிழமை பாக்கிங்கிலை கார் விட இடமில்லை. ஊர்க்கோடியிலை இருக்கிற ரூஜிலை இருந்தெல்லாம் குடும்பம் குடும்பமா வந்து இறங்குகினம். பட்டுச் சீலை, நகை, வேட்டி, சால்வை. வாசலிலை நிறைகுடம், குத்துவிளக்கு. ரெண்டு பெரிய ரோசாப்பூ மாலை. கதிரை காணாமல் பக்கத்து அறையிலை இருந்து தூக்கிக்கொண்டு வருகினம். சங்கம் தொடங்கின நாளிலை இருந்து இப்பிடிக் கூட்டம் வந்ததில்லை எண்டு ஆரோ சொல்லிச்சினம். எனக்குக் கால் நிலத்திலை படேல்லை. கவ்போய் பாட்டுக்கு இவ்வளவு சனமோ, இவ்வளவு நாளும் எங்கை ஒளிச்சிருந்தவை எண்டு நினைச்சன்.

அப்ப ஒரு அன்ரி என்ரை கையைப் பிடிச்சு ஓரமா இழுத்தா.

"பிள்ளை, பாட்டுக்காரர் எந்தப் பக்கமாம்? எங்கடை ஊருக்குக் கிட்ட எண்டு சொல்லுகினம். என்ரை காணியிலை இப்ப ஆர் இருக்கினம் எண்டு ஒருக்கா விசாரிக்கவேணும்."

எனக்கு ஒரு நிமிசம் ஒண்டும் விளங்கேல்லை. பேந்து விளங்கிச்சுது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. விழுந்தடிச்சு ஓடிப்போய்ச் செயலாளர் அண்ணையின்ரை சால்வையைப் பிடிச்சன்.

"அண்ணை, என்ன எழுதினியள்? அவை வெள்ளைக்காரர் அண்ணை."

அண்ணையின்ரை முகம் வெளிறிப் போச்சுது. ஆனால் விட்டுக்குடுக்கேல்லை. "நான் இலக்கணப்படி சரியாத்தான் எழுதினன். சனம் பிழையா விளங்கினால் தமிழ் என்ன செய்யும்?" எண்டார்.

அந்த நேரம் பாத்துக் கதவு திறந்தது. மனிசி வாறா. வெள்ளைத் தொப்பி, முழங்கால் வரை வாற சப்பாத்து, மினுக்கம் தைச்ச ரோஸ் நிறச் சட்டை. பின்னாலை தம்பியார் கிற்றார்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. ஆலாத்தித் தட்டோடை நிண்ட பொம்பிளையள் ஆளையாள் பாத்திச்சினம். தட்டுத்தானே கையிலை கொளுத்தி எரியுது, என்ன செய்யிறது, சுத்திச்சினம். மாலையையும் போட்டிச்சினம். மனிசி தொப்பியைக் கழட்டிக் குனிஞ்சு மாலையை வாங்கி, நிமிர்ந்து, அந்த ஹோல் முழுக்கப் பாத்தா. கண் ரெண்டும் நிரம்பிப் போச்சுது.

"இவ்வளவு பேரும் எங்களுக்கோ?" எண்டு என்னைக் கேட்டா.

"ஓம்," எண்டன்.

மேடையிலை அண்ணை மைக்கைப் பிடிச்சு, "நாட்டு..." எண்டு தொடங்கி, தொண்டையைச் செருமி, "பாடகர்கள்," எண்டு முடிச்சுப்போட்டு இறங்கிட்டார். சனத்துக்குள்ளை குசுகுசுப்பு. "உவை ஆர்?" "நாட்டிலை இன்னும் வெள்ளைக்காரர் இருக்கினமோ?" "போகேக்கை விட்டிட்டுப் போன ஆக்களாக்கும்." முதல் பாட்டைச் சனம் மரியாதைக்குக் கேட்டுது. கை தட்டல் மழை விட்டபிறகு கூரையாலை சொட்டுற மாதிரி. ரெண்டாம் பாட்டிலை கதிரை இழுபடுகிற சத்தம் கேக்கத் தொடங்கிச்சுது. மூண்டாம் பாட்டிலை பின்வரிசை எழும்பீட்டுது.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கதவடியிலை போய்க் குறுக்கை நிண்டன். முதல் ஆளா வந்தவர் ஊரிலை பாங்கிலை வேலை செய்த ஒரு அங்கிள். ரூஜிலை இருந்து மகனைக் கார் ஓட்டச் சொல்லி வந்தவர். ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வாறார், மூக்கு நுனியிலை கோவம்.

"அங்கிள், இருங்கோ, றோல்ஸ் வருகுது."

"உன்ரை றோல்ஸ் எனக்கு வேண்டாம். பொய் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறியள். வழியை விடு."

"வயசுபோன மனிசி பாடிக்கொண்டு நிக்குது. இடையிலை எழும்பிப் போறது மரியாதையே?"

"மரியாதையை நீ எனக்குச் சொல்லித் தாறியோ?"

நான் மேடையைப் பாத்தன். மனிசி வெறுங்கதிரையளைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. கை தன்னாலை கழுத்துக்குப் போச்சுது. நிரம்பின ஹோல் கேட்டவவுக்கு, வெறுமையாகிற ஹோலைக் காட்டிக்கொண்டு நிக்கிறன். அவ தம்பியாரிட்டைக் குனிஞ்சு என்னவோ சொன்னா. அவர் தலையை ஆட்டி வேண்டாம் எண்டார். அவ திரும்பச் சொன்னா. பேந்துதான் எனக்குத் தெரியும், அது அவையின்ரை முதல் ரெக்கோட். கடைசி அடி உச்சத்துக்குப் போறதாலை கனகாலமாப் பாடாமல் விட்ட பாட்டு. தொண்டைக்குக் கூடாது எண்டு தம்பியார் மறிச்சிருக்கிறார். "இனி மிச்சம் பிடிச்சு என்ன செய்ய?" எண்டு அவ கேட்டிருக்கிறா.

தம்பியார் இரும்புத் துண்டைக் கம்பியிலை வைச்சு இழுத்தார்.

அங்கிளின்ரை ஒரு கை ஜக்கெற்றுக்குள்ளை, ஒரு கை வெளியிலை. அப்பிடியே நிண்டார்.

"உது எங்கடை பாட்டெல்லே," எண்டார்.

"என்ன அங்கிள்?"

"உது எங்கடை கொலிஜ் பாட்டு. உதை ஆர் இவைக்குக் குடுத்தது?"

திரும்பி நடக்கிறார், ஜக்கெற்றின்ரை மற்றக் கை நிலத்திலை இழுபட இழுபட. மேடையிலை அவ இங்கிலீசிலை முதல் அடியை எடுக்கிறா, கடைசி ரெயில் போயிட்டுது எண்டு. இவர் நடுவழியிலை நிண்டு நெஞ்சை நிமித்தித் தமிழிலை எடுத்தார்.

"கடைசி பஸ்சும் போட்டுது மச்சான்,
கொண்டக்ரர் கையைக் காட்டிறான்,
செருப்பும் அறுந்து போச்சுது மச்சான்,
காரைநகர் வெகு தூரமடா..."

மெட்டு அச்சொட்டு அதே மெட்டு. ஒரு சுருதி விலகேல்லை. அங்காலையும் இங்காலையும் தலை நரைச்ச ஆம்பிளையள் ஒவ்வொருத்தரா எழும்புகினம். "அட, கிரிக்கெட் பிக் மாட்ச் பாட்டு." "லொறியிலை ஏறி நிண்டு பாடினதெல்லே." கதவு மட்டும் போனவையும் திரும்புகினம். பொம்பிளையளும் விடேல்லை. "எங்கடை அண்ணன் கிணத்தடியிலை உதைத்தான் கத்துறவர்," எண்டு ஒரு அன்ரி கையைத் தட்டிக்கொண்டு சேந்திட்டா. எனக்கு மட்டும் தெரியாது. நான் பிறந்தது பிந்தி. நான் பள்ளிக்கூடம் போன யுத்த காலத்திலை மாட்சும் இல்லை, கடைசி பஸ்சும் இல்லை.

மனிசி பாட்டை நிப்பாட்டிட்டா. வாய் திறந்தபடி நிக்கிறா. தம்பியாரின்ரை கையும் நிண்டுட்டுது.

அங்கிள் மேடைக்கு ஏறி மைக்கை வாங்கி, "இந்தப் பாட்டுக் கட்டினது எங்கடை கொலிஜ். என்ரை வகுப்புப் பெடியன் கட்டினது," எண்டு அறிவிச்சார்.

முன்வரிசையிலை இருந்து ஒரு சத்தம். "பொய் பேசப்படாது." பாத்தால் எங்கடை செயலாளர் அண்ணை. சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிக்கிறார். "அது நாங்கள் கட்டினது. நீங்கள் எங்களிட்டைக் களவெடுத்தது. நாங்கள் மாட்ச் வெண்டு, உங்கடை வாசலிலை நிண்டு பாடின பாட்டு."

"எப்ப நீங்கள் வெண்டனியள்?"

"ரெண்டாவது வரியே உங்களுக்குப் பிழை. கொண்டக்ரர் கையைக் காட்டேல்லை. கொண்டக்ரர் பல்லைக் காட்டிறான்."

பேருந்து எண்டு திருத்துற மனிசன் மேடையிலை ஏறி "பஸ்சும் போட்டுது மச்சான்" எண்டு தொண்டை கிழியப் பாடிக் காட்டினார். ஹோல் ரெண்டாப் பிரிஞ்சு போச்சுது. ஒரு பக்கம் கையைக் காட்டுது, மற்றப் பக்கம் பல்லைக் காட்டுது. ஒருத்தரும் வீட்டை போற யோசினையிலை இல்லை. எங்கடை ஆக்களை இருத்தி வைக்கிறதுக்குப் பள்ளிக்கூடச் சண்டையை விடத் திறமான வழி உலகத்திலை இல்லை.

நான் மேடைக்கு ஓடி மனிசிக்கு மூச்சு விடாமல் விளக்கினன். இவைக்கு உங்கடை பாட்டுத் தெரியும். அம்பது வருசத்துக்கு மேலாத் தெரியும். ரெண்டு பள்ளிக்கூடம் இதைத் தங்கடை பாட்டெண்டு அடிபடுகுது.

"அதை எழுதினது என்ரை தம்பி," எண்டா, சின்னக் குரலிலை. "சமையலறை மேசையிலை இருந்து. அவனுக்கு இருபது வயசு."

நான் மைக்கைப் பறிச்சு அதைத் தமிழிலை சொன்னன். ஹோல் அடங்கிச்சுது. அங்கிள் தம்பியாரைப் பாத்தார். செயலாளர் அண்ணையும் பாத்தார். எண்பது வயசு மனிசன் மடியிலை கிற்றாரோடை, மாலையும் கழுத்துமா முழிச்சுக்கொண்டு இருக்கிறார்.

"ரேடியோவிலை வந்தது," எண்டு அங்கிள் மெதுவாச் சொன்னார். "இங்கிலீஸ் சேவை. சனிக்கிழமையளிலை. ஹொஸ்ரலிலை எல்லாரும் சுத்தி இருந்து கேப்பம். சொல்லு விளங்காது, மெட்டு மட்டும் பிடிபட்டுது. ஆர் பாடினதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

இதை இங்கிலீசிலை சொன்னன். தம்பியார் சொன்னார், அந்தக் காலத்திலை கனடா ரேடியோக்காரர் வெளிநாட்டு ரேடியோக்களுக்கு இனாமா ரெக்கோட் அனுப்புறம் எண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனவையாம். அதை ஆர் போடப்போகினம் எண்டு இவை சிரிச்சவையாம்.

"தமிழிலை அது என்ன சொல்லுது?" எண்டு அவர் கேட்டார்.

அங்கிள் பாங்க் இங்கிலீசிலை, முகத்திலை ஒரு சிரிப்புமில்லாமல், பஸ், கொண்டக்ரர், செருப்பு, காரைநகர் எல்லாத்தையும் முறையா மொழிபெயர்த்தார். தம்பியார் காதைச் சாய்ச்சுக் கேட்டிட்டு, "என்ரை பாட்டை விட இது திறம். என்ரை ஆளுக்கு ரெயில் மட்டும்தான் போச்சுது. உங்கடை ஆளுக்குச் செருப்பும் போட்டுது," எண்டார். ஹோல் வெடிச்சுச் சிரிச்சுது.

பிறகென்ன, பம்பல்தான். அவ இங்கிலீசிலை ஒரு அடி, நாங்கள் தமிழிலை ஒரு அடி. கையைக் காட்டுறவைக்கு ஒருக்கா, பல்லைக் காட்டுறவைக்கு ஒருக்கா. காணி விசாரிக்க வந்த அன்ரி சீலைத் தலைப்பை இடுப்பிலை செருகிக்கொண்டு ஆடுறா. என்ரை மனிசன், கவ்போய் எண்டு நையாண்டி பண்ணின மனிசன், கதிரையிலை ஏறி நிக்கிறார். நான் சிரிக்கிறனோ அழுகிறனோ எண்டு எனக்கே தெரியேல்லை. கடைசி அடி வந்தது, அந்த உச்சம். அவ தலையை நிமித்தி, கண்ணை மூடி எடுத்தா. முக்கால்வாசி ஏறினா. அதிலை குரல் முறிஞ்சு போச்சுது. அப்பிடியே வெறும் காத்து.

ஒரு கணம்தான். ஹோல் அந்த இடத்திலை இருந்து தூக்கிச்சுது. ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை. கிழடுகள் எல்லாம் கழுத்து நரம்பு புடைக்கக் காரைநகரை உச்சத்துக்குக் கொண்டு போச்சினம். அவ மைக்கை எங்கடை பக்கம் திருப்பிப் பிடிச்சுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, நிரம்பின ஹோலைப் பாத்துக்கொண்டு நிண்டா. பாட்டு முடியுமட்டும் அசையேல்லை.

மேடையாலை இறங்கேக்கை என்ரை தோளைப் பிடிச்சுச் சொன்னா: "இவ்வளவு காலமும் நான் பாடிக்கொண்டே நிண்டிட்டன். இந்தப் பாட்டை இண்டைக்குத்தான் கேட்டனான்."

ஒப்பறேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கட்டியிலை பயப்பட ஒண்டுமில்லை எண்டிச்சினம். கதைக்கிற குரல் வந்தது, கரகரத்த, தாழ்ந்த குரல், கிட்டக் காதைக் குடுத்துக் கேக்கவேணும். பாட்டு வரேல்லை. ஒவ்வொரு சனிக்கிழமை காலமையும் சுவருக்கு அங்காலை கம்பிச் சத்தம் மட்டும் கேட்டுது. நான் வெங்காயத்தை வெட்டிப்போட்டு, வெங்காயத்திலை பழியைப் போட்டன்.

அடுத்த மாசக் கூட்டத்துக்குச் சங்கம் ரெண்டு பேரையும் மரியாதையாக் கூப்பிட்டுது. ஹோல் திரும்ப நிரம்பிச்சுது. தம்பியார் மேடையிலை, அவ முன்வரிசையிலை, கழுத்திலை ஒரு துணியைச் சுத்திக்கொண்டு. தம்பியார் கம்பியை இழுத்தார், நாங்கள் அந்தப் பாட்டை எடுத்தம். ஆனால் எல்லாருக்கும் மனிசியைப் பாக்க மனம் கரையுது. குரலை அடக்கி, மெதுவா, தேவாரம் படிக்கிற மாதிரிப் படிக்கிறம். முன்னுக்கு நிண்ட அங்கிள் லேஞ்சியாலை கண்ணைத் துடைக்கிறார். எனக்கும் மூக்கு ஒழுகுது.

அவ எழும்பினா. மேடைக்கு ஏறி மைக்கைக் கையிலை எடுத்தா. பாட்டு நிண்டுட்டுது. நன்றி சொல்லப்போறா எண்டு எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டம். அவ மைக்கை வாயோடை ஒட்ட வைச்சு, அந்தக் கரகரத்த குரலாலை கேட்டா.

"இங்கை ஆர் செத்தது?"

அவ காலாலை கெதியாத் தாளம் தட்டிக் காட்டினா.

"இது இழுக்கிற பாட்டில்லை. கெதியாப் பாடவேணும். முதல்லை இருந்து."

மொழிபெயர்க்க நான் வாயைத் திறக்க முந்தியே அங்கிள் லேஞ்சியைப் பொக்கற்றுக்குள்ளை செருகிப்போட்டுக் கடைசி பஸ்சைப் பிடிச்சிட்டார். நாங்களும் பின்னாலை ஓடிப்போய் ஏறினம்.